பாடிக்கொண்டே திருடியவர்கள்

சனிக்கிழமை காலைக்கும் திங்கட்கிழமை மாலைக்கும் நடுவே, ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில், ஹைலண்ட்ஸ் பகுதியில் டாக்டர் மங்கோமாவின் தோட்டத்திலிருந்து நானூறு கிலோ எடையுள்ள ஒரு பெண் காணாமல் போயிருந்தாள்.

"நடந்து போயிருக்க மாட்டா," என்றேன்.

துப்பறியும் தொழிலில் என் முதலாளியான செகேசாய் மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடு என்று அதற்குப் பொருள். பதினொரு வருடம் மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்து, வாயால் பிழைத்தவன் நான். எளிதில் மூட வராது. என் பெயர் நோமேட்டர். 'பரவாயில்லை' என்று அர்த்தம். ஐந்தாவதும் பையன் என்று மருத்துவச்சி சொன்னபோது அப்பாவின் வாயிலிருந்து வந்த சொல் அது. அதையே பிறப்புச் சான்றிதழிலும் எழுதிவிட்டார்கள்.

காணாமல் போனவள் கருங்கல்லில் செதுக்கிய பெண். மண்டியிட்டு உட்கார்ந்தபடி, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல இடது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறாள். டாக்டரின் தோட்டத்தில் மொத்தம் பதினாலு சிலைகள். மற்ற பதிமூன்றும் புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. டாக்டர் எங்களுக்கு ஆல்பத்தைப் புரட்டிக் காட்டினார். கல் மிகப் பெரியது என்பதால் சிற்பி இங்கேயே முசாசா மரத்தடியில் மூன்று மாதம் தங்கிச் செதுக்கினாராம். ஐந்து வருடம் ஆகிறது. அந்தச் சிற்பி இப்போது உயிரோடு இல்லை.

"என் சேகரிப்பிலேயே இவதான் உசத்தி," என்றார் டாக்டர். "இடது காதுல மட்டும் ஒரு சின்ன உடைசல். கல்லோட குறை. மத்தபடி குத்தம் சொல்ல இடமே இல்லை."

அறுபத்தெட்டு வயது. ஓய்வு பெற்ற அறுவை மருத்துவர். வீட்டை விற்றாயிற்று, மாதக் கடைசியில் கணவனும் மனைவியும் கனடாவில் இருக்கும் மகன்களிடம் போகிறார்கள். சிலைகள் ஒவ்வொன்றாக விலை போய்க்கொண்டிருந்தன. இந்தப் பெண்ணை ஏற்றிப் போக வெள்ளிக்கிழமை கிரேன் வைத்த லாரி வருகிறது. வீட்டை வாங்கியவர் பின்பக்கத்தை வெட்டி நீச்சல் குளம் கட்டப் போகிறார் என்றும் டாக்டர் வருத்தத்தோடு சொன்னார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர்கள் ந்யாங்கா மலையில் ஒரு விடுதியில் இருந்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தது தோட்டக்காரர் ஜைரோசியும் அவர் மனைவியும் மட்டும். வெள்ளிக்கிழமைக்குள் சிலை கிடைக்காவிட்டால் ஜைரோசியைப் போலீஸில் ஒப்படைப்பதாக டாக்டர் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. இருபத்தைந்து வருடம் வேலை செய்த ஆள் என்று வேறு சொன்னார்.

பக்கத்தில் திருமதி மங்கோமா உட்கார்ந்திருந்தார். போலீஸ் வேண்டாம், துப்பறிகிறவர்களைக் கூப்பிடலாம் என்று சொன்னவர் அவர்தான். தோட்டக்காரரை அவர் பாபா ஷுவாய் என்றார். அவர் கையிலிருந்த டீ ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது.

சிலை இருந்த பீடத்தை மேடம் இரண்டு முறை சுற்றி வந்தார். ஐம்பத்து நாலு வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த கைப்பை. போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். குனிந்து புல்லைத் தடவினார். கைப் பருமனில், வரிசையாக, குறுக்குக் குறுக்காகப் பள்ளங்கள்.

"உருளைக் கட்டை," என்றேன். "கட்டைக்கு மேல வெச்சு உருட்டியிருக்காங்க."

"எந்தப் பக்கம்?"

பார்த்தேன். பள்ளங்கள் வாசல் பக்கம் போகவில்லை. வீட்டின் பின்பக்கமாகப் போய், புல் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டன. மண்ணை அவ்வளவு சுத்தமாகக் கூட்டியிருந்தார்கள். விளக்குமாற்றின் கோடுகள் தலை வாரியதுபோல இருந்தன.

பின்பக்கம் குப்பைக் குழிக்கு அருகே மேடம் மறுபடி குனிந்தார். சாம்பல் மலையாகக் குவிந்திருந்தது. பக்கத்தில் முட்டைக்கோஸ் தண்டுகள். நான் எண்ணினேன், முப்பத்தொன்று. சுவரில் சாய்த்து சட்ஸா என்கிற மக்காச்சோளக் களி கிண்டும் துடுப்பு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. படகு தள்ளுகிற அளவு பெரியது. ஒரு குடும்பம் சாப்பிட இவ்வளவு பெரிய துடுப்பு தேவையில்லை. கல்யாணத்துக்கு வேண்டும், இல்லையென்றால் சாவுக்கு.

"திருடனுங்க அறுபது பேர் வந்து, சமைச்சுச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, வாசல் கூட்டிட்டுப் போயிருக்காங்க மேடம். இப்படி ஒழுக்கமான திருடனுங்க கிடைச்சா என் வீட்டுக்கும் அனுப்பி வைங்க."

மேடம் சிரிக்கவில்லை. துடுப்பின் பிடியில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு வளையம் இருந்தது. அது யாருடையது என்று கண்டுபிடி என்றார்.

கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எதிர்வீட்டு வாசலில் காவல்காரர் கெஃபாசி உட்கார்ந்திருந்தார். துடுப்பைப் பார்த்ததும் எழுந்து, அது அவருடைய சர்ச்சின் துடுப்பு, தேடிக்கொண்டே இருந்தேன் என்றார். நான் கைகுலுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கையில் நாலு கொப்புளம், இரண்டு உடைந்திருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து கேட் திறக்கிற கையில் மண்வெட்டிக் கொப்புளம். வருகிற வழியில் கையில் துணி சுற்றிய தோட்டக்காரர்கள் இரண்டு பேரைப் பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வீட்டில் என்ன நடந்தது என்று பின்னாலேயே வந்த மேடம் கேட்டார். பாபா ஷுவாய் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது என்றார் கெஃபாசி.

"என்ன பாட்டு பாடினீங்க?" என்றேன் சும்மா.

அவர் யோசிக்காமல் இரண்டு வரி முணுமுணுத்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, என் கையிலிருந்த துடுப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் நான் மேடத்திடம் சொன்னேன். அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். எங்கள் மினிபஸ்ஸை வாரத்துக்கு இரண்டு தரமாவது சாவு வீட்டுக்காரர்கள் வாடகைக்கு எடுப்பார்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது மட்டும்தான் அந்தப் பாட்டைப் பாடுவார்கள். ஜெபக்கூட்டத்தில் யாரும் அதை வாயில் வைக்கவே மாட்டார்கள்.

"ஆனா இந்தத் தெருவுல யாரும் சாகலையே மேடம்?"

மேடம் கார்க் கண்ணாடி வழியாக டாக்டர் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோட்டக்காரரை டாக்டர் எப்படிக் கூப்பிடறார்?"

"ஜைரோசின்னு."

"கெஃபாசி?"

"பாபா ஷுவாய்னு. ஷுவாயோட அப்பா."

"டாக்டரோட மனைவி?"

"அவங்களும் அப்படித்தான் கூப்பிட்டாங்க."

"காலையிலேர்ந்து இருபது தடவை அந்தப் பேரைக் கேட்டாச்சு நோமேட்டர். ஒவ்வொருத்தரும் ஷுவாயோட அப்பா, ஷுவாயோட அம்மான்னு சொல்றாங்க. ஷுவாய் எங்கே?"

எங்கள் ஊரில் பிள்ளை பெற்ற பிறகு யாரும் சொந்தப் பெயரில் வாழ்வதில்லை. மூத்த பிள்ளையின் பெயர்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெயர். அதை ஒரு தடயமாக எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

வேலையாள் அறை வீட்டின் பின்னால் இருந்தது. அறைக்குப் பக்கத்தில் புதிதாகக் கொத்திய ஒரு மண் பாத்தி, அதில் பூசணி விதை ஊன்றி ஈரம் செய்திருந்தது. வாசலில் மாய் ஷுவாய், அதாவது ஷுவாயின் அம்மா, உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். மெலிந்த, நெடிய பெண்மணி. மேடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தன் கனத்த உடம்போடு அந்த மண்ணில் மண்டியிட்டு, மெதுவாகக் கை தட்டி, துக்கம் விசாரிக்கிற சொற்களைச் சொன்னார். உங்களுக்கு வந்த இந்தத் துன்பத்தைக் கேள்விப்பட்டோம், அம்மா.

மாய் ஷுவாயின் கை நின்றுவிட்டது. அவரை விதைகள் முறத்தில் உருண்டன.

"நாலு வருஷமா இதை யாரும் வந்து சொல்லலை," என்றார் அவர். "ஞாயித்துக்கிழமைதான் முதல்ல சொன்னாங்க. நீங்க அறுபத்தி ரெண்டாவது ஆள்."

பிறகு எல்லாம் அவரே சொன்னார். அழாமல், அடுப்பு வேலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். ஷுவாய் இந்த அறையில்தான் பிறந்தாள். சிற்பி மரத்தடியில் வேலை செய்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்து கல் சில்லுகள் பறப்பதை வேடிக்கை பார்ப்பாள். அம்மா சமையலறையிலிருந்து கத்திக் கூப்பிடுவார். அவள் திரும்பிப் பார்ப்பாள். ஒருநாள் சிற்பி, அசையாதே, அப்படியே இரு என்று சொல்லிவிட்டார். கூப்பிட்ட குரல் இந்த அம்மாவுடையது.

அடுத்த வருடம் அவள் தெற்கே, தென்னாப்பிரிக்காவுக்குக் கிளம்பினாள். பிரிட்டோரியாவில் ஒரு வீட்டில் வேலை. பாஸ்போர்ட் வர மாதக் கணக்கில் ஆகும் என்றார்கள். பிப்ரவரியில், ஒன்பது பேரோடு சேர்ந்து எல்லையிலுள்ள லிம்போபோ ஆற்றில் இறங்கியிருக்கிறாள். கரையேறியவர்கள் இரண்டு பேர். அவர்கள்தான் போன் செய்தார்கள். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் குழி இல்லை, குழி இல்லாததால் சாவு வீடும் இல்லை. யாரும் வந்து உட்காரவில்லை, பாடவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல மாய் ஷுவாய் டாக்டருடைய சட்டைகளுக்கு இஸ்திரி போட்டிருக்கிறார்.

"கல்லு மட்டும் இருந்துச்சு," என்றார். "இவரு தெனமும் காலையில ஈரத்துணியால அவ முகத்தைத் துடைப்பாரு. குளிர்காலத்துல சாயங்காலமானா சாக்கு போத்தி விடுவாரு. டாக்டர் பார்த்துட்டு, ஜைரோசிக்குக் கலைன்னா என்னன்னு தெரியும்னு விருந்தாளிங்ககிட்ட சொல்வாரு."

அறைச் சுவரில் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண்ணின் படம் மாட்டியிருந்தது. மேடம் எழுந்து போய் அதை வெகுநேரம் பார்த்தார். இடது காதின் கீழ்ப்பக்கம் கிழிந்து தைத்த வடு. கல்லின் குறை என்று டாக்டர் சொன்னாரே, அதே இடம்.

சிலை விலை போய்விட்டது என்று தெரிந்ததும் தெருவில் இருக்கிற தோட்டக்காரர்களும் காவல்காரர்களும் வேலைக்காரப் பெண்களும் கூடிப் பேசியிருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்கள் சிலையை உருட்டினார்கள். நாற்பது அடிக்கு மேல் அவர்களால் முடியவில்லை. அங்கேயே குழி வெட்டி, வெள்ளை விரிப்பில் சுற்றி இறக்கினார்கள். பூசணிப் பாத்தியை நான் மறுபடி பார்த்தேன். அதன் நீளம் ஒரு ஆள் நீளம். அதன் ஓரத்தில் ஜைரோசி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"விரிப்பு என்னோடது," என்றது பின்னால் ஒரு குரல்.

திருமதி மங்கோமா. என் பிழைப்பில் இதுதான் எனக்கு விழுந்த பெரிய அடி. நாங்கள் யாருக்காகத் திருடனைத் தேடினோமோ அவருடைய மனைவியே திருடர்களுக்குக் கதவு திறந்து விட்டிருக்கிறார். கணவரை ந்யாங்காவுக்கு அழைத்துப்போனதும் அவர்தான், மண்வெட்டிகள் இருந்த கொட்டகையின் சாவியைக் கொடுத்ததும் அவர்தான்.

பிரிட்டோரியா வேலையை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்றார் அவர். அங்கே இருப்பது அவருடைய அத்தை மகள். பாஸ்போர்ட் தாமதமானபோது, எல்லாரும் ஆற்று வழியாகத்தானே போகிறார்கள் என்று சொன்னதும் தான்தான் என்றார். அதைச் சொல்லும்போது மாய் ஷுவாயைப் பார்க்கவில்லை.

"உங்களை ஏன் கூப்பிட்டேன் தெரியுமா? நீங்க எதையும் கண்டுபிடிச்சதே இல்லைன்னு சர்ச்சுல சொன்னாங்க."

"ரெண்டு பூனை கண்டுபிடிச்சிருக்கோம்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்று அவர் கெஞ்சினார். மாதக் கடைசியில் நாங்கள் போய்விடுவோம், இவர்கள் மேல் பழி வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மேடம் பாத்தியையும் மதிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீச்சல் குளம் எங்கே வெட்டப் போறாங்க?"

திருமதி மங்கோமாவின் கண் பூசணிப் பாத்திக்குப் போனது. அந்த இடத்திலேயேதான். அவருக்கு அது தெரிந்தே இருந்தது. ஜைரோசிக்குத் தெரியாது. தொப்பி அவர் கையிலிருந்து நழுவியது.

"எந்திரத்தை வெச்சுத் தோண்டுவாங்கம்மா," என்றார் மேடம். "யாருன்னே தெரியாதவங்க. நான் பொய் சொன்னா அவளை அவங்க கையில விட்டதாத்தான் ஆகும்."

டாக்டரைக் கூட்டி வரத் திருமதி மங்கோமாவே போனார்.

டாக்டர் வந்தார். மனைவி வழியிலேயே பாதி சொல்லியிருக்க வேண்டும், முகம் இறுகியிருந்தது. பூசணிப் பாத்தியைப் பார்த்தார். பிறகு ஜைரோசியைப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டேன் ஐயா," என்றார் ஜைரோசி. "மே மாசம். எல்லாச் சிலையையும் விக்கறேன்னு சொன்னீங்க. இந்தப் பொண்ணை மட்டும் எங்களுக்கு விட்டுடுங்கன்னு கேட்டேன். சிரிச்சீங்க. உனக்கு நல்ல ரசனைன்னு சொல்லி, அந்தக் கினிக்கோழிச் சிலையைக் குடுத்தீங்க."

கினிக்கோழி அறை வாசலில்தான் இருந்தது. அதன் முதுகில் சோப்பு காய வைத்திருந்தார்கள்.

"காரணம் சொல்லியிருக்கலாமே," என்றார் டாக்டர். குரல் பாதியாகிவிட்டது.

"பார்த்தா தெரியும்னு நெனச்சேன் ஐயா. தெனமும் பார்க்கறீங்களே."

மேடம் சுவரிலிருந்த படத்தைக் கொண்டுவந்து டாக்டர் கையில் கொடுத்தார். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். முகத்தை அவர் பார்க்கவில்லை; கண் நேராகக் காதுக்குப் போனது. ஆட்காட்டி விரலால் அந்த வடுவைத் தொட்டார். மருத்துவருக்குத் தன் கைத்தையல் தெரியாமல் இருக்குமா?

"ஒன்பது வயசுல உங்க நாய் கடிச்சது," என்றார் மாய் ஷுவாய். "சமையலறை மேசையில படுக்க வெச்சு நீங்கதான் தைச்சீங்க. அழவே இல்லைன்னு ரெண்டு மிட்டாய் குடுத்தீங்க. ஒண்ணை எனக்குக் கொண்டுவந்து குடுத்தா."

டாக்டர் தன் வீட்டிலேயே, இருபத்தைந்து வருடமாக வந்து எட்டிப் பார்க்காத அந்த வாசலில், வெறும் மண்ணில் உட்கார்ந்தார். கை தட்டினார், ஓசை வரவில்லை. துக்கம் விசாரிக்கிற சொற்களைத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, மறுபடி தொடங்கினார்.

"நம்ம எல்லாருக்கும் வந்த துன்பம்," என்று ஜைரோசி முறைப்படி பதில் சொன்னார். சொல்லிவிட்டு அவர் கையைப் பிடிக்காமல், தோட்டத்தில் திறந்திருந்த குழாயை மூடப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கிரேன் லாரி வந்தது. டாக்டர் அதற்கு முன்பே சிலை விற்பனைக்கு இல்லை என்று வாங்கியவருக்குச் சொல்லியிருந்தார். ஆனால் லாரியைத் திருப்பி அனுப்பவில்லை. ஜைரோசியின் சொந்த ஊர் புஹேரா. அப்பா, தாத்தா எல்லாரும் அங்கேதான் புதைந்திருக்கிறார்கள். ஒரு முறை மண்ணுக்குள் வைத்தவளை மறுபடி எடுப்பதா என்று ஜைரோசி இரண்டு நாள் தயங்கினார். கடைசியில் மாய் ஷுவாய்தான் முடிவு செய்தார். இங்கே அவளுக்கு யாரும் இல்லை என்றார்.

ஏற்றும்போது தெருவே வேலையை விட்டு வந்து நின்றது. டாக்டர் லாரியின் பின்கதவு வரை வந்தார். ஏறி வர ஒரு காலை வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, காலை எடுத்துக்கொண்டார். யாரும் அவரை வாருங்கள் என்று சொல்லவில்லை.

மேடமும் நானும் லாரியின் பின்னால் ஏறிக்கொண்டோம். எங்கள் வேலை முடிந்துவிட்டது. போகவேண்டிய அவசியமே இல்லை. மேடம் எதற்கு ஏறினார் என்று நான் கேட்கவில்லை. நான் எதற்கு ஏறினேன் என்று அவரும் கேட்கவில்லை. வெள்ளை விரிப்பில் சுற்றிய கல் எங்கள் நடுவில் கிடந்தது. மாய் ஷுவாய் அதன் தோள்மேல் ஒரு கையை வைத்திருந்தார்.

வெளியூரில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது வழி சொல்லிக்கொண்டே போக வேண்டும். இல்லையென்றால் அவர்கள் வழியில் தங்கிவிடுவார்கள். அவர் சொல்லிக்கொண்டே வந்தார். இது நகரத்தோட கடைசி ரவுண்டானா, இது பீட்ரிஸ் ரோடு, இங்கே மாம்பழம் விக்கிறாங்க. நூற்றுக்கணக்கான சாவு வண்டிகளில் போயிருக்கிறேன். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன வழக்கம் இது.

மன்யாமே ஆற்றுப் பாலம் வந்ததும் அவர் குரல் மாறியது. கல்லின் மேல் குனிந்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"ஆறு வருதும்மா. பயப்படாதே. பாலம் இருக்கு. கல்லுப் பாலம், லாரியே போகுது பாரு. நீ கால்கூட நனைக்க வேணாம்."

முப்ஃபுரே ஆற்றிலும் அதையே சொன்னார். ஜைரோசி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார், வெகுநேரம் தேடினார்.

புஹேராவுக்குள் நுழையும்போது கடைசி ஆறு, ம்வேராஹரி. மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அகலமான ஆறு முழுக்க வெறும் மணல். நடுவில் இரண்டு மாடுகள் படுத்திருந்தன. மாய் ஷுவாய் லாரியின் பக்கத்தைத் தட்டி நிறுத்தச் சொன்னார். விரிப்பை முகத்திலிருந்து விலக்கினார். திரும்பிப் பார்க்கிற அந்தக் கல் முகம் ஆற்றின் பக்கமாக இருந்தது.

"பாரு ஷுவாய்," என்றார். "இதுல தண்ணியே இல்லை. வெறும் மணல்தான். நடந்தே போயிடலாம்."

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, அவர் தட்டும் வரை காத்திருந்தார்.